திறந்து பார்க்காத பெட்டி

காப்பு என்பது நமக்குப் பழஞ்சொல். கையில் கட்டுவது காப்பு. நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்பு. பிறந்த குழந்தைக்கு இடுவதும் காப்பு. இப்பொழுது கணினிக்காரர்களும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, ஒரு கோப்புக்கு மற்றொரு படி எடுத்து வைப்பதைக் காப்புப் படி என்கின்றனர். எடுத்துக்கொள்ளட்டும், தமிழ்ச் சொல் ஒன்றுக்குப் புது வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நண்பர்களை ஒன்று கேட்கிறேன். உலகில் ஒரே ஒரு படி இருக்கிறது. அதுவும் ஆண்டுக் கணக்கில் எவரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குக் காப்பு என்ற பெயர் பொருந்துமா?

பொருந்தாது என்பதே என் கருத்து. அதைக் காப்பு என்று சொல்வதைவிட நம்பிக்கை என்று சொல்வது பொருத்தம். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அது கோப்பைத் திறக்காது.

நம் சங்க அறையின் அலமாரிமீது கறுப்புப் பெட்டி ஒன்று இருப்பதைப் புதிய மாணவர்கள்கூடக் கண்டிருப்பார்கள். 2014ஆம் ஆண்டு இங்கே பயின்ற மூத்த மாணவர்கள் பணம் திரட்டி வாங்கியது அது. உள்ளே இரண்டு டெராபைட் கொள்ளும் ஹார்ட் டிஸ்க் ஒன்று; அதனோடு வைஃபை கருவியும் சேர்ந்தே இருக்கிறது. கம்பி எதுவும் செருக வேண்டியதில்லை. அறைக்குள் மடிக்கணினியைத் திறந்தால் போதும், கோப்புகள் தாமே போய்ச் சேரும். பச்சை விளக்கு மினுக்கும். மினுக்குகிற விளக்கைக் கண்டால் மனிதனுக்கு ஏனோ ஒரு நிம்மதி பிறக்கிறது! செய்த கம்பெனி எது என்பது இங்கே முக்கியமன்று. இத்தகைய பெட்டிகள் எல்லாம் ஒரே குலந்தான்.

அதற்குள் என்ன இருக்கிறது? பொங்கல் விழாப் படங்கள், நாடகங்கள், பழைய மலர்களின் ஸ்கேன் படிகள். இவற்றுக்கு வேறு இடங்களிலும் படிகள் உண்டு. போனால் போகட்டும் என்று சொல்லலாம். சொல்ல முடியாதது ஒன்றும் இருக்கிறது. கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழ்ந்த தமிழ் முதியோரை நம் மாணவர்கள் சில ஆண்டுகள் தேடித் தேடிச் சென்று, அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார்கள். மொத்தம் 46 பதிவுகள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 1976இல். அதற்கும் முன்னே ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறித் தலைநகருக்கு வந்து, மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் அவர்கள். குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் வடாம் இட்டதும், அதைக் குரங்கு தூக்கிப் போனதும், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கோல் எடுத்து விரட்டியதும் அந்தப் பதிவுகளில் உண்டு. தலைநகர்த் தமிழர் வரலாற்றை நாளை எவரேனும் எழுதினால், அரசாங்க அறிக்கையில் இவை கிடைக்குமா?

பெட்டிக்கு நோய் என்பது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்நகரின் வேறொரு கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அவருடைய தாத்தா 2021இல் காலமானார். அவர் பேச்சை நம்மவர்கள் பதிவு செய்ததாகப் பாட்டி சொல்கிறார். அதன் படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார். எளிய வேண்டுகோள். சங்கத்தின் புதிய மடிக்கணினியில் பெட்டியைத் தேடினார்கள். பெட்டியே கண்ணில் படவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் தேடினார்கள். பெட்டி தெரிந்தது, பெயர்ப் பட்டியலும் வந்தது. ஆனால் கோப்பைப் படி எடுக்கப் போனால் பாதியில் நின்றது. மீண்டும் முயன்றால் பட்டியலே வரவில்லை.

இங்கே இரண்டு நோய்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றென்று எண்ணி மருந்து கொடுப்பதால்தான் பலருடைய கோப்புகள் பாழாகின்றன. ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதல் நோய் மொழி நோய். வலையில் இருக்கும் பெட்டியும் கணினியும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். பழைய பெட்டிகள் பல எஸ்.எம்.பி. என்னும் மொழியின் முதற்பதிப்பு ஒன்றையே அறிந்தவை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற கொள்ளை நோய் உலகெங்கும் கணினிகளைத் தாக்கியதே, அது புகுந்தது அந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அம்மொழி தானாக நிறுவப்படுவதில்லை. செய்தது சரியே. ஆனால் விளைவு என்ன? பெட்டி நலமாக இருக்கிறது, கோப்பு நலமாக இருக்கிறது, பேசுவதைக் கேட்கத்தான் ஆளில்லை! பேச ஆளின்றி ஒரு மொழி போவது என்றால் என்ன என்பதை வெளி மாநிலத்தில் படிக்கும் நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆப்பிள் கம்பெனியின் டைம் கேப்ஸ்யூல் கதையும் இதுவே. 2008 ஜனவரியில் அறிவித்தார்கள். வைஃபை கருவியும் டிஸ்க்கும் ஒரே வெள்ளைப் பெட்டியில் இருந்தன. 2018 ஏப்ரலில் அந்த வரிசையையே கைவிட்டார்கள். அது பேசும் ஏ.எஃப்.பி. என்ற மொழியும் இனி வரும் மேக் பதிப்பு ஒன்றிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். அந்தப் பெட்டியை வைத்திருக்கும் நண்பர் எவரேனும் இதைப் படித்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போய்ப் படி எடுத்து வரலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் நோய் உடல் நோய். டிஸ்க் என்பது சுழலும் தட்டு. படிக்கும் தலை அத்தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது; ஒரு மயிரிழையின் தடிப்பு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. பல ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்த தட்டில் சில இடங்கள் படிக்க இயலாதபடி கெடுகின்றன. டிஸ்க் தன் நோயைத் தானே குறித்துக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் 5ஆம் வரிசை, மாற்றி அமைத்த இடங்களைச் சொல்லும். 197ஆம் வரிசை, படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் இடங்களைச் சொல்லும். 197இல் எண் ஏறிக்கொண்டே போனால் வைத்தியரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். பெட்டிக்குள் ‘டிக், டிக்’ என்று ஓசை கேட்டாலோ அழைக்கும் நேரமும் கடந்துவிட்டது. உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதன்பின் அது தூசியற்ற அறை வைத்திருக்கும் ஆய்வகத்தின் வேலை. நம் விடுதியின் வேலையன்று.

நம் பெட்டிக்கு இரண்டு நோயும் சேர்ந்தே வந்திருந்தன.

சங்கத்தில் மூன்று கட்சிகள் எழுந்தன. எங்கே மூன்று தமிழர் உண்டோ அங்கே நான்கு கட்சி உண்டு என்பார்கள். ஒன்று குறைந்ததே பெருமை. பழைய மடிக்கணினியை வைத்து வைஃபை வழியாகவே மெல்ல மெல்ல இழுத்துவிடலாம் என்றது முதற்கட்சி. நேரு பிளேஸில் கொடுத்துப் பழுது பார்க்கலாம் என்றது இரண்டாம் கட்சி. ‘கிழவர்கள் பேசிய ஊர்க்கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? புதுப் பெட்டி வாங்குவோம்’ என்றது மூன்றாம் கட்சி. எனக்கு மூன்றிலும் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதற்கட்சிக்கு விடை கணக்கிலேயே இருக்கிறது. அறையின் வைஃபை நொடிக்குப் பத்து மெகாபைட் கொண்டுவரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டெராபைட்டுக்கு இரண்டு லட்சம் நொடி. அதாவது ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல். டிஸ்க்கைக் கழற்றி நேரே கணினியில் பொருத்தினால் நொடிக்கு நூறு மெகாபைட் எளிது. ஆறு மணி நேரம்கூட ஆகாது. நோயாளியை மாட்டு வண்டியில் ஏற்றி ஐம்பத்தைந்து மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவதா, ஆறு மணியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதா? கெடும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு மணி நேர ஓட்டமும் ஆயுளில் கழிவு. மேலும், வைஃபையில் ஓர் இடம் படிக்கவில்லையென்றால் பெட்டி அதே இடத்தை மீண்டும் மீண்டும் சுரண்டும். கணினி காத்திருந்து காத்திருந்து இணைப்பை அறுத்துவிடும். பெட்டிகளின் வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் கடையில் விற்கும் சாதாரண சாட்டா டிஸ்க்தான் என்பதைப் பலர் அறியார். டைம் கேப்ஸ்யூலிலும் அப்படியே. திருகுகளைக் கழற்றத் தெரிந்தால் போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில கம்பெனிப் பெட்டிகளில் மின்பலகையே கோப்புகளை மறைகுறியாக்கி எழுதுகிறது. அவற்றில் டிஸ்க்கைத் தனியே கழற்றி வேறு கணினியில் வைத்தால் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து. அப்படிப்பட்ட பெட்டியில் பலகையைத் தூக்கி எறிவது சாவியைத் தூக்கி எறிவதாகும்.

இரண்டாம் கட்சியின் பேச்சைக் கேட்டு இரண்டு நண்பர்கள் டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டு போகவே செய்தார்கள். கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் கெட்டவரும் அல்லர். அவர் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினார். நம் பெட்டி லினக்ஸ் முறையில் எழுதியது. விண்டோஸ் அதை அறியாது. அறியாததை அறியாதது என்று சொல்லும் பணிவும் அதற்கு இல்லை. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று கேட்டது. கடைக்காரர், ‘ஃபார்மட் அடித்துவிட்டுப் பிறகு மீட்கலாம், ஆயிரம் செய்திருக்கிறேன்’ என்று கையை வைக்கப் போனார். வந்திருந்த நண்பர் இந்தி சரியாகப் பேசத் தெரியாதவர். ஆனால் ‘நஹீ’ என்ற ஒரு சொல்லை அன்று அவர் உச்சரித்த அழகை ஆகாசவாணிகூடப் பாராட்டும்! டிஸ்க் திரும்பி வந்தது.

பழுது பார்ப்பது வேறு, மீட்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவனுக்குப் பெட்டி வேண்டும். நமக்குப் பெட்டி வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும். ஃபார்மட் செய்வதும், கோப்பு முறையைச் சரிசெய்யும் கட்டளைகளை ஓடவிடுவதும் நோயுற்ற தட்டில் புதிதாக எழுதும் செயல்கள். மீட்கும்போது பழைய டிஸ்க்கில் ஓர் எழுத்துக்கூட எழுதக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்தால் டிஸ்க் பிழைக்கும் என்று ஒரு கைமருத்துவம் உலவுகிறது. அதையும் நம்ப வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூக்கும். மிச்ச உயிரும் போகும்.

செய்ய வேண்டியது முழுத் தட்டையும் அப்படியே வேறொரு நல்ல டிஸ்க்கில் உருப்படியாக எடுத்துக்கொள்வது. அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் அறிவு எனக்கு மிகவும் பிடித்தது. முதற்சுற்றில் எளிதாகப் படிக்க வருவதை எல்லாம் விரைந்து அள்ளிக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடத்தில் நின்று மல்லுக்கட்டுவதில்லை. குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. எல்லாம் அள்ளி முடித்தபின், தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து சிறு சிறு துண்டாகக் கேட்டுப் பார்க்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்க ஏட்டில் குறிப்பு இருக்கிறது. தேர்வுத் தாளை எப்படி எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் நமக்குச் சொல்வதும் இதுதானே!

கணினித் துறை நண்பர்கள் இருவர் அதைச் செய்தார்கள். ஆறு மணி நேர வேலை மூன்று இரவுகள் நடந்தது, நோய் அவ்வளவு. புதிய டிஸ்க்குக்கு ஆன செலவு, பொங்கல் விருந்தில் வடை பாயசத்துக்கு நாம் செய்யும் செலவைவிடக் குறைவு. 46 பதிவுகளில் 31 பெயரோடும் முழுமையோடும் வந்தன. நான்கில் இடையிடையே ஓசை அறுபடுகிறது. இரண்டு போயின.

மீதி ஒன்பது? அவை வந்தன, ஆனால் பெயரின்றி வந்தன. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் இருந்த இடத்தில் ஒரு பகுதி கெட்டுவிட்டது. பட்டியல் போனபின் ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் தட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை துழாவி, இங்கே ஓர் ஒலிக்கோப்பு தொடங்குகிறது என்று அதன் தலை எழுத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும். குரலை மீட்டுத் தரும். யார் குரல் என்று சொல்லாது. வெறும் எண்களே பெயராக ஒன்பது முதியோர் இப்பொழுது நம் கணினியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தம் முதற்சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பியதைச் சொல்கிறார். ஓர் அம்மையார் தில்லிக் குளிரில் மாவு புளிக்காததற்கு வழி சொல்கிறார். யார்? தெரியவில்லை. பதிவு செய்த மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். இப்பொழுது சங்கத்தில் இருக்கும் நம்மில் ஒருவரும் அந்த முதியோரைக் கண்டதில்லை.

ஓலையில் ஏடு எழுதியவர்கள் பலர், நூல் முடிந்த இடத்தில் ஆண்டும் மாதமும் தம் பெயரும் எழுதி வைத்தார்கள். (ஓலைச்சுவடியைச் சொல்லாமல் நம் மலரில் கட்டுரை வராதா என்று துணையாசிரியர் கேட்பார். இந்த ஒரு முறை பொறுத்தருளட்டும்.) பெயர் அட்டையில் இல்லை, நூலுக்குள்ளேயே இருந்தது. அட்டை போனாலும் பெயர் போகாது. ஒலிப்பதிவு செய்கிறவர் முதல் அரை நிமிடத்தில், ‘இன்று இன்ன தேதி, இன்ன தெரு, பேசுபவர் இன்னார், கேட்பவன் நான்’ என்று தம் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்கினால், எந்தப் பட்டியல் அழிந்தாலும் குரல் அநாதையாகாது. இனி எடுக்கும் பதிவு ஒவ்வொன்றிலும் இது கட்டாயம் என்று செயற்குழு தீர்மானம் செய்ய வேண்டும். காசு செலவில்லாத தீர்மானம்; அதனால் நிறைவேறும் என்று நம்புகிறேன்.

‘எல்லாவற்றையும் கூகிளில் ஏற்றிவிட்டால் போயிற்று’ என்று கூறுவோர் உண்டு. ஏற்றுங்கள், தடையில்லை. ஆனால் யார் கணக்கில்? மாணவர் ஒருவரின் சொந்தக் கணக்கு என்றால், அவர் வேலைக்குப் போன மறு ஆண்டு கடவுச்சொல்லும் அவரோடு போகும். பல்கலைக்கழகக் கணக்கு என்றால், படிப்பு முடிந்தபின் அது எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. கல்வி நிலையங்களுக்கு அளவில்லாமல் தந்த இடத்தை, நிலையம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று கூகிள் 2022இல் சுருக்கியது. படங்களுக்கு இலவசம் என்றதை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்தியது. அவர்கள் வீடு, அவர்கள் சட்டம். குறை சொல்ல நாம் யார்? இரண்டாவது படி அங்கே இருக்கட்டும். அதையே ஒரே படியாக்கினால் கறுப்புப் பெட்டியின் கதை மறுபடியும் வரும். அப்போது மினுக்க ஒரு பச்சை விளக்குகூட இருக்காது.

வலையில் தொங்கும் பெட்டிக்கு வெளியிலிருந்தும் ஆபத்து உண்டு. 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பெட்டிகளை வைத்திருந்த பலர் ஒரு நாள் காலையில் பார்த்தபோது, எவனோ இணையத்தின் வழியே உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்திருந்தான். அப்பெட்டிகளுக்குக் கம்பெனி கடைசியாகத் திருத்தம் அனுப்பியது 2015இல். ஆறு ஆண்டுகள் காவலன் இல்லாத கதவு அது.

ஆகவே நான் செயற்குழுவைக் கேட்பது அதிகமில்லை. இரண்டு சாதாரண டிஸ்க்குகள். ஒன்று சங்க அறையில், ஒன்று நூலகத்தில். கம்பியில்தான் இணைக்க வேண்டும். கம்பி என்றால் நாகரிகக் குறைவு என்று எண்ண வேண்டாம். கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கட்டும். ஒரு கம்பெனியின் நிரல் இருந்தால்தான் அவிழும் மூட்டையாக வேண்டாம். பருவத்துக்கு ஒரு நாள் இரண்டையும் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்பைத் தொட்டு, அவற்றை முழுதும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெயர் தெரிகிறது என்பது போதாது. நம் பெட்டியிலும் பெயர்கள் தெரிந்தன.

மூன்றாம் கட்சி நண்பருக்குத் தனியே ஒரு சொல். கிழவர்கள் பேசிய ஊர்க்கதைதான், மறுக்கவில்லை. கடிதம் எழுதிய அந்த மாணவியின் தாத்தா பெயருள்ள 35 பதிவுகளில் இல்லை. பெயரற்ற ஒன்பதில் இருக்க வேண்டும். இல்லையேல் போன இரண்டில் ஒன்று. அவர் இரண்டு வாரமாக ஞாயிறு தோறும் வந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார். ஐந்து கேட்டாயிற்று. அவற்றில் ஒன்றிலும் தாத்தா இல்லை. ஆனால் ஒரு குரலை, ‘இது எங்கள் பழைய தெருவில் இருந்த மாமி’ என்று அடையாளம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் நான்கு இருக்கின்றன.

இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு, வரும் இரண்டு ஞாயிறும் காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். காப்பி உண்டு. கேட்கும் கருவி ஒன்றே இருக்கிறது. வைத்திருப்பவர்கள் தத்தம் கருவியைக் கொண்டுவரவும்.